மளிகை விலை உயர்வும் குடும்ப உணவுச் செலவுத் திட்டமிடலும்

குடும்ப உணவுச் செலவுத் திட்டமிடல் என்பது, மாத வருமானத்தில் உணவுக்கு எவ்வளவு ஒதுக்குவது, அதை எந்தெந்தப் பொருளுக்கு எப்படிப் பிரிப்பது, விலை மாறும்போது எதை மாற்றிக்கொள்வது என்று ஒரு குடும்பம் முன்கூட்டியே முடிவு செய்யும் முறையாகும். அரிசி, பருப்பு, எண்ணெய், பால், காய்கறி ஆகியவற்றின் விலை உயரும் காலங்களில் வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், தவணை போன்ற செலவுகளைக் குறைக்க முடிவதில்லை. அதனால் குடும்பங்கள் முதலில் கைவைப்பது உணவுச் செலவில்தான். திட்டம் இல்லாமல் குறைக்கும்போது பெரும்பாலும் பருப்பு, முட்டை, பால், காய்கறி, பழம் ஆகியவை குறைந்து, தட்டில் சோறு மட்டும் மிஞ்சுகிறது. சத்தைக் குறைக்காமல் செலவைக் கட்டுப்படுத்துவதே இத்திட்டமிடலின் நோக்கம். இக்கட்டுரை தமிழ்நாட்டுக் குடும்பங்களின் சூழலை ஒட்டி இதை விளக்குகிறது.

## குடும்பச் செலவில் உணவின் பங்கு

வருமானம் உயர உயர, மொத்தச் செலவில் உணவுக்கான பங்கு குறையும் என்பது பொருளியலில் எங்கல் விதி எனப்படுகிறது. செருமானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857இல் இதை எடுத்துரைத்தார். இதன் மறுபக்கம்தான் இங்கு முக்கியமானது: வருமானம் குறைந்த குடும்பத்தில் உணவின் பங்கு அதிகம், ஆகவே உணவு விலை உயர்வின் சுமையும் அங்கேதான் அதிகம்.

இந்தியாவில் 2023–24இல் நடத்தப்பட்ட வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வின்படி, ஊரகக் குடும்பங்கள் தம் நுகர்வுச் செலவில் ஏறத்தாழ 47 விழுக்காட்டையும், நகரக் குடும்பங்கள் ஏறத்தாழ 40 விழுக்காட்டையும் உணவுக்குச் செலவிடுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு: மாதம் 15,000 ரூபாய் வருமானமுள்ள குடும்பம் உணவுக்கு 7,500 ரூபாய் செலவிடுகிறது எனக் கொள்வோம். உணவு விலை 10 விழுக்காடு உயர்ந்தால் கூடுதல் செலவு 750 ரூபாய். அது வருமானத்தில் 5 விழுக்காடு. மாதம் 60,000 ரூபாய் வருமானமுள்ள குடும்பம் உணவுக்கு 15,000 ரூபாய் செலவிட்டால், அதே விலை உயர்வால் கூடும் 1,500 ரூபாய் அதன் வருமானத்தில் 2.5 விழுக்காடு மட்டுமே. இரண்டாவது குடும்பம் அதிகப் பணம் கொடுக்கிறது. முதல் குடும்பம் அதிகச் சுமை தாங்குகிறது.

## விலை உயர்வின் வகைகள்

எல்லா விலை உயர்வும் ஒரே தன்மையுடையதல்ல. எந்த வகை உயர்வு என்று தெரிந்தால்தான் காத்திருப்பதா, மாற்றுப் பொருளுக்குப் போவதா, திட்டத்தையே மாற்றுவதா என்று முடிவு செய்ய முடியும்.

பருவ கால உயர்வு. தக்காளி, வெங்காயம், பச்சைக் காய்கறிகள் இவ்வகை. மழை, கடும் வெயில், அறுவடை இடைவெளி ஆகியவற்றால் வரத்து குறைந்து விலை ஏறும். புதிய விளைச்சல் வந்ததும் இறங்கும். தமிழ்நாட்டுக்குத் தக்காளி உள்ளூர்த் தோட்டங்களிலிருந்தும், ஆந்திரத்தின் மதனப்பள்ளி, கர்நாடகத்தின் கோலார் பகுதிகளிலிருந்தும் வருகிறது. அப்பகுதிகளில் விளைச்சல் பாதித்தால் கோயம்பேட்டில் விலை ஏறும். 2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, தமிழ்நாடு அரசு சென்னையில் நியாயவிலைக் கடைகள் வழியாகக் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. பெரிய வெங்காயத்தில், மகாராட்டிரத்தின் கோடைக்கால அறுவடையைச் சேமித்து வைத்து விற்கின்றனர். அந்த இருப்பு குறையும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையான மாதங்களில் விலை ஏறுவது வழக்கம். முகூர்த்த நாள்களை ஒட்டிக் காய்கறி விலை கூடுவதும், கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீடிக்கும் மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் விலை கூடுவதும், புரட்டாசியில் பலர் அசைவம் தவிர்ப்பதால் முட்டை, கோழி விலை தணிவதும் இவ்வகையில் சேரும்.

இறக்குமதி சார்ந்த உயர்வு. இந்தியா தன் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது. பாமாயில் பெரும்பாலும் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து வருகிறது. சூரியகாந்தி எண்ணெயில் உக்ரைன், ரஷ்யாவின் பங்கு பெரிது. 2022இல் உக்ரைன் போரும், அதே ஆண்டு ஏப்ரலில் இந்தோனேசியா விதித்த பாமாயில் ஏற்றுமதித் தடையும் இங்கு எண்ணெய் விலையை உயர்த்தின. இறக்குமதி வரியும் ஒரு காரணம். 2024 செப்டம்பரில் சுத்திகரிக்கப்படாத பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு 20 விழுக்காடு அடிப்படை வரி விதிக்கப்பட்டது. 2025 மே இறுதியில் அது 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இத்தகைய உயர்வு சில வாரங்களில் மறைவதில்லை. பல மாதங்கள் நீடிக்கும் என்று எதிர்பார்த்தே திட்டமிட வேண்டும்.

நிலைத்துவிடும் உயர்வு. பால், ரொட்டி, பிஸ்கட், தேயிலை, மசாலாப் பொடி, உணவக உணவு ஆகியவற்றில் தீவனம், கூலி, எரிபொருள், பொட்டலச் செலவு எல்லாம் சேர்ந்து விலையை ஏற்றும். இவை ஒருமுறை ஏறினால் இறங்குவது அரிது. இங்கே காத்திருப்பதால் பயனில்லை. ஒதுக்கீட்டை மாற்ற வேண்டும்.

## பணவீக்கக் குறியீடும் வீட்டுக் கணக்கும்

செய்திகளில் வரும் பணவீக்க விகிதம் நுகர்வோர் விலைக் குறியீட்டிலிருந்து கணக்கிடப்படுகிறது. 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட குறியீட்டில் உணவு, பானங்களின் எடை 45.86 விழுக்காடு. அதற்குள் தானியங்களுக்கு 9.67, பாலுக்கு 6.61, காய்கறிக்கு 6.04, எண்ணெய்க்கு 3.56, பருப்புக்கு 2.38 என எடை பிரிக்கப்பட்டிருந்தது. இது நாடு முழுவதற்குமான சராசரிக் கூடை. எந்த ஒரு வீட்டின் கூடையும் அப்படியே இதைப் போல் இருக்காது.

2025 ஜூலையில் இந்தியாவின் உணவுப் பணவீக்கம் மைனஸ் 1.76 விழுக்காடு. அதாவது முந்தைய ஆண்டு ஜூலையைவிட உணவு விலை சராசரியாகக் குறைந்திருந்தது. காய்கறியும் பருப்பும் இறங்கியதே இதற்குக் காரணம். அதே மாதத்தில் எண்ணெய், கொழுப்பு வகைகளின் விலை ஏறத்தாழ 19 விழுக்காடு உயர்ந்திருந்தது. "விலைவாசி குறைந்தது" என்ற செய்தியும் "கடைக்குப் போனால் அப்படித் தெரியவில்லையே" என்ற வீட்டாரின் எண்ணமும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

ஆகவே ஒவ்வொரு குடும்பமும் தன் சொந்தக் கூடையின் விலை உயர்வைக் கணக்கிடுவது பயன் தரும். அதே அளவுப் பொருள்களுக்குச் சென்ற ஆண்டு கொடுத்த தொகையையும் இந்த ஆண்டு கொடுக்கும் தொகையையும் ஒப்பிட்டால் போதும். நால்வர் கொண்ட ஒரு வீட்டின் கணக்கு இப்படி இருக்கலாம் (தொகைகள் விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டவை):

| பொருள் | சென்ற ஆண்டு (ரூ.) | இந்த ஆண்டு (ரூ.) | வேறுபாடு (ரூ.) |
|---|---|---|---|
| அரிசி, மாவு | 1,500 | 1,560 | +60 |
| பருப்பு, பயறு | 800 | 760 | −40 |
| எண்ணெய் | 700 | 840 | +140 |
| பால், தயிர் | 1,500 | 1,560 | +60 |
| காய்கறி, பழம் | 2,000 | 1,900 | −100 |
| முட்டை, மீன், இறைச்சி | 1,500 | 1,620 | +120 |
| மசாலா, சர்க்கரை, தேயிலை, காபி | 600 | 690 | +90 |
| பிஸ்கட், நொறுக்குத்தீனி, தயார் உணவு | 900 | 1,020 | +120 |
| மொத்தம் | 9,500 | 9,950 | +450 |

இந்த வீட்டின் உணவுச் செலவு ஏறத்தாழ 4.7 விழுக்காடு உயர்ந்துள்ளது. விலை ஏறிய பொருள்களால் கூடிய தொகை 590 ரூபாய். அதில் 350 ரூபாய், அதாவது பாதிக்கு மேல், எண்ணெய், மசாலா வகை, நொறுக்குத்தீனி ஆகிய மூன்றிலிருந்து மட்டுமே வருகிறது. தினமும் பேசப்படும் காய்கறி விலை இந்த வீட்டில் குறைந்தே இருக்கிறது. கணக்கு பார்க்காத குடும்பம் காய்கறியையும் பருப்பையும் குறைத்திருக்கும். பார்த்த குடும்பம் எண்ணெயிலும் நொறுக்குத்தீனியிலும் கவனம் வைக்கும்.

## கணக்கு எழுதும் முறை

இதற்குச் சிறப்புச் செயலி எதுவும் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். முதல் இரண்டு மாதங்களுக்கு எதையும் மாற்றாமல், வாங்கிய பொருள், அளவு, விலை ஆகிய மூன்றையும் எழுதி வர வேண்டும். தொகையை மட்டும் எழுதினால், செலவு கூடியது விலையாலா, அளவாலா என்று பின்னால் தெரியாது.

பிறகு செலவை மூன்றாகப் பிரிக்கலாம்.

* மாத மளிகை: அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலா, சர்க்கரை. மாதத் தொடக்கத்தில் பட்டியல் போட்டு வாங்குபவை.
* வாரச் செலவு: காய்கறி, பழம், முட்டை, மீன், இறைச்சி. மாதத் தொகையை நான்காகப் பிரித்து வாரத்துக்கு ஒரு வரம்பு வைக்கலாம்.
* சில்லறைச் செலவு: பால், தேநீர், பிஸ்கட், பரோட்டா, கைப்பேசி வழியாக வாங்கும் அவசரச் சாமான்கள்.

மூன்றாவது பிரிவே பெரும்பாலும் கணக்கில் வராமல் போகிறது. நாளுக்கு 30 ரூபாய் என்றாலும் மாதத்துக்கு 900 ரூபாய். ஒரே ஒரு பொருளுக்காக விரைவு விநியோகச் செயலியைத் திறப்பதும் இதில் சேரும். விநியோகக் கட்டணம், கையாளும் கட்டணம் ஆகியவற்றோடு, கட்டணத்தைத் தவிர்ப்பதற்காகத் தேவையில்லாத பொருளைச் சேர்த்து வாங்குவதும் செலவுதான்.

அண்ணாச்சி கடையில் நோட்டுப் போட்டு மாதக் கடனுக்கு வாங்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. கையில் பணம் இல்லாத வாரத்தில் வட்டியில்லாமல் பொருள் கிடைப்பது இதன் நன்மை. எந்தப் பொருளுக்கு என்ன விலை போடப்பட்டது என்று தெரியாமல் போவதும், வேறு கடையில் மலிவாக இருந்தாலும் மாற முடியாததும் இதன் குறை. வாங்கும் அன்றே வீட்டு நோட்டிலும் விலையோடு எழுதிக்கொள்வது இக்குறையை ஓரளவு தீர்க்கும்.

## வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

### அலகு விலை

ஒரு கிலோவுக்கு, ஒரு லிட்டருக்கு அல்லது ஒரு கிராமுக்கு என்ன விலை என்பதே அலகு விலை. முன்பு எண்ணெய், பிஸ்கட், தேயிலை முதலிய பல பொருள்களை அரசு நிர்ணயித்த அளவுகளில் மட்டுமே பொட்டலமிட முடியும். 2021இல் பொட்டலப் பொருள் விதிகள் திருத்தப்பட்டபோது அந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டு, அலகு விலையை அச்சிடுவது கட்டாயமாக்கப்பட்டது. விலையை ஏற்றாமல் அளவைக் குறைப்பது இதன் பின் எளிதாயிற்று. ஆகவே பொட்டலத்தின் மேலுள்ள பெரிய எழுத்து விலையைவிட, சிறிய எழுத்தில் உள்ள அலகு விலையைப் பார்ப்பது அவசியம்.

எடுத்துக்காட்டாக, 1 லிட்டர் எண்ணெயின் எடை ஏறத்தாழ 910 கிராம். அதன் விலை 150 ரூபாய் என்றும், பக்கத்தில் அதே தோற்றத்தில் உள்ள 850 கிராம் பொட்டலம் 142 ரூபாய் என்றும் கொள்வோம். முதலாவதில் 100 கிராமுக்கு 16.48 ரூபாய், இரண்டாவதில் 16.71 ரூபாய். விலை குறைவாகத் தெரியும் பொட்டலமே உண்மையில் அதிக விலை.

### மொத்தமாக வாங்குதல்

கெடாத பொருள்களை அறுவடைக் காலத்தில் மொத்தமாக வாங்கிச் சேமிப்பது தமிழ் வீடுகளின் பழைய வழக்கம். சம்பா, தாளடி நெல் அறுவடை தை, மாசியில் நடக்கிறது. துவரை அறுவடை மார்கழி, தையை ஒட்டி வரும். காவிரிப் படுகையில் நெல் அறுவடைக்குப் பின் விளையும் உளுந்தும் பயறும் பங்குனி, சித்திரையில் சந்தைக்கு வருகின்றன. புளி, மிளகாய், மஞ்சள் ஆகியவற்றுக்கும் மாசி முதல் சித்திரை வரையே வரத்து அதிகம். அப்போது வாங்கி, நல்ல வெயிலில் காயவைத்து, ஈரம் படாமல் வைத்தால் பல மாதங்கள் தாங்கும். அரிசியில் காய்ந்த வேப்பிலை போடுவதும், புளியைக் கொட்டை நீக்கி உப்பிட்டுப் பானையில் அடைப்பதும், துவரைக்குச் செம்மண் கட்டுவதும் பூச்சியைத் தவிர்க்கும் பழைய முறைகள். எண்ணெய், மாவு, அரைத்த பொடி ஆகியவை நாளானால் சிக்கு வாடை அடிக்கும். அவற்றை ஒரு மாதத் தேவைக்கு மேல் வாங்குவதில் லாபமில்லை.

அரிசியில் வரியும் ஒரு கணக்கு. 2022 ஜூலை 18 முதல், பொட்டலமிட்டு முத்திரையிட்ட 25 கிலோ வரையான அரிசிக்கு 5 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி விதிக்கப்பட்டது. அதைத் தாண்டிய மூட்டைக்கு வரி இல்லை என்பதால்தான் கடைகளில் 26 கிலோ மூட்டைகள் வந்தன.

அன்றாடக் கூலி வாங்கும் குடும்பத்திடம் ஒரு மூட்டைக்கான பணம் ஒரே நேரத்தில் இருப்பதில்லை. கால் கிலோ பருப்பும், பத்து ரூபாய்ப் பொடிப் பொட்டலமும் வாங்குவதால் ஏழைக் குடும்பமே பல பொருள்களுக்குக் கிலோ கணக்கில் அதிக விலை கொடுக்க நேர்கிறது. பக்கத்து வீட்டார் இரண்டு மூன்று பேரோ, மகளிர் சுயஉதவிக் குழுவினரோ சேர்ந்து ஒரு மூட்டை வாங்கிப் பிரித்துக்கொள்வது இதற்கு ஒரு வழி. மளிகைச் சீட்டு, தீபாவளிச் சீட்டு கட்டுவோர், நடத்துபவர் உரிய பதிவு பெற்றவரா என்று பார்த்துச் சேர்வது நல்லது.

## பொதுவிநியோகம், உழவர் சந்தை, கூட்டுறவுக் கடைகள்

தமிழ்நாட்டில் பொதுவிநியோகத் திட்டம் அனைவருக்குமானது. அரிசி பெறும் அட்டைதாரர்களுக்கு 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. 2007இல் தொடங்கிய சிறப்புப் பொதுவிநியோகத் திட்டத்தில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. வெளிச் சந்தையில் துவரம் பருப்பு 160 ரூபாய், பாமாயில் 130 ரூபாய் என்று கொண்டால், இந்த இரண்டு பொருள்களில் மட்டும் மாதம் 235 ரூபாய், ஆண்டுக்கு 2,820 ரூபாய் மிச்சமாகும். மாத இறுதியில் கடைக்குப் போய்ப் பொருள் தீர்ந்துவிட்டது என்று திரும்பும் குடும்பம் இந்தத் தொகையை இழக்கிறது. முதல் இரண்டு வாரத்துக்குள் வாங்குவதைத் திட்டத்தில் எழுதி வைக்கலாம்.

ரேசன் அரிசியைச் சோற்றுக்கு விரும்பாத வீடுகள் இட்லி, தோசை மாவுக்கும், வடகத்துக்கும், முறுக்கு மாவுக்கும் பயன்படுத்தினால், கடை அரிசிச் செலவில் ஒரு பகுதி குறையும். இவ்வரிசியில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துச் செறிவூட்டிய மணிகள் கலக்கப்பட்டு வந்துள்ளன. பார்க்கச் சற்று வேறுபட்டிருப்பதாலும் நீரில் மிதப்பதாலும் அவற்றைப் பிளாஸ்டிக் அரிசி என்று எண்ணிப் பொறுக்கி எறிவது தவறு.

உழவர் தாமே நேரடியாக விற்கும் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கியது. இடைத்தரகர் இல்லாததால் இங்கு விலை பெரும்பாலும் வெளிக்கடையைவிடக் குறைவு. அன்றைய விலை பலகையில் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பலகை விலையைத் தெரிந்துகொண்டாலே தெருவில் வரும் தள்ளுவண்டியில் எவ்வளவு கொடுக்கலாம் என்று மதிப்பிட முடியும். முட்டைக்கு நாமக்கல்லில் அறிவிக்கப்படும் பண்ணைக் கொள்முதல் விலையும் இப்படி ஒரு அளவுகோல்.

கூட்டுறவுப் பண்டகசாலைகளும் மளிகை விற்கின்றன. சென்னைத் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904இல் தொடங்கி, நுகர்வோர் சேர்ந்து பொருள் வாங்கி விற்கும் முறைக்கு இந்தியாவில் முன்னோடியாக இருந்தது.

## மாற்றுப் பொருள்கள்

பருவ கால விலை உயர்வுக்குச் சிறந்த எதிர்வினை, அந்தப் பொருளைச் சில வாரங்கள் தவிர்ப்பது. தக்காளி விலை ஏறினால் புளிக்குழம்பு, மோர்க்குழம்பு, மிளகு ரசம், எலுமிச்சை ரசம் ஆகியவற்றுக்கு மாறலாம். முருங்கைக்காய், பீன்ஸ் விலை ஏறும் காலத்தில் பூசணி, சுரைக்காய், வாழைத்தண்டு, முள்ளங்கி, கீரை ஆகியவை பெரும்பாலும் மலிவாக இருக்கும். முருங்கைக்கீரை பல வீடுகளில் விலையில்லாமலே கிடைக்கிறது. எந்தக் காய் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுச் சந்தைக்குப் போவதைவிட, எத்தனை கிலோ காய் வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு போய், அன்று மலிவானதை வாங்குவது செலவைக் குறைக்கும்.

துவரம் பருப்புக்குப் பதிலாகப் பாசிப்பருப்பு, மைசூர்ப் பருப்பு, தட்டைப்பயறு, கொள்ளு, மொச்சை ஆகியவற்றை முறைவைத்துச் சமைக்கலாம். பாதித் துவரை, பாதிப் பாசிப்பருப்பு சேர்த்த சாம்பாரில் சுவை அதிகம் மாறாது.

எண்ணெயில் சேமிப்பு, மலிவான எண்ணெய்க்கு மாறுவதைவிட அளவைக் குறைப்பதில்தான் உள்ளது. நாள் ஒன்றுக்கு ஒருவருக்கு 20 முதல் 30 கிராம் எண்ணெய் போதும் என்று கொண்டால், நால்வர் குடும்பத்துக்கு மாதம் ஏறத்தாழ இரண்டரை முதல் நான்கு லிட்டர் ஆகும். அதற்கு மேல் செலவாகும் வீட்டில் பூரி, வடை, அப்பளம் பொரிக்கும் நாள்களைக் குறைத்தால் பணமும் மிஞ்சும், உடலுக்கும் நல்லது.

## எதைக் குறைக்கக் கூடாது

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், 2,000 கிலோ கலோரி உணவில் நாளுக்கு 85 கிராம் பருப்பு வகை, 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம், 300 மி.லி. பால் இடம்பெற வேண்டும் என்கிறது. தானியத்துக்கு 250 கிராம் மட்டுமே. பல குடும்பங்களில் விகிதம் இதற்குத் தலைகீழாக உள்ளது. விலை ஏறும்போது அது மேலும் சாய்கிறது.

ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கும், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருந்தது. எல்லோரும் சாப்பிட்ட பின் மிஞ்சியதைச் சாப்பிடும் வழக்கமுள்ள வீட்டில், வாங்கும் பருப்பும் முட்டையும் குறைந்தால் முதலில் குறைவது சமைத்தவரின் பங்குதான். செலவுக் கணக்கில் இது எங்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்துக் களைப்பாகவும் மருத்துவச் செலவாகவும் தெரியும். எனவே "வாரத்துக்கு எத்தனை முட்டை" என்று எழுதுவதோடு "யாருக்கு எத்தனை" என்றும் எழுதுவது திட்டத்தின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும்.

எந்தப் பொருள் குறைந்த செலவில் சத்துத் தருகிறது என்பதையும் கணக்கிடலாம். 10 கிராம் புரதம் பெற ஆகும் செலவு கீழே உள்ளது. புரத அளவுகள் தோராயமானவை. விலைகள் விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டவை. அவரவர் ஊர் விலையைப் போட்டு மீண்டும் கணக்கிடலாம்.

| பொருள் | புரதம் | கொண்ட விலை | 10 கிராம் புரதத்துக்கு (ரூ.) |
|---|---|---|---|
| கொள்ளு | 100 கிராமில் 22 கிராம் | கிலோ 90 | 4.10 |
| நிலக்கடலை | 100 கிராமில் 25 கிராம் | கிலோ 150 | 6.00 |
| துவரம் பருப்பு | 100 கிராமில் 22 கிராம் | கிலோ 160 | 7.30 |
| முட்டை | ஒன்றில் 6 கிராம் | ஒன்று 6 | 10.00 |
| பால் | 100 மி.லி.யில் 3.2 கிராம் | லிட்டர் 50 | 15.60 |
| பிஸ்கட் | 100 கிராமில் 7 கிராம் | கிலோ 200 | 28.60 |

பட்டியலில் கீழே உள்ளதால் பாலையும் முட்டையையும் விட்டுவிடலாம் என்பது பொருளல்ல. பாலில் சுண்ணாம்புச் சத்தும், இரண்டிலும் பருப்பில் இல்லாத பி12 வைட்டமினும் உள்ளன. ஆனால் மாலை நேரத்துக்குப் பிஸ்கட்டுக்குப் பதிலாக அவித்த கடலையோ சுண்டலோ கொடுத்தால், செலவு கூடாமல் சத்துக் கூடும் என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

அரசுப் பள்ளிகளின் மதிய உணவு, 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், அங்கன்வாடிகளில் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் தரப்படும் சத்துமாவு ஆகியவையும் குடும்ப உணவுத் திட்டத்தில் சேர்க்க வேண்டியவை.

## வீணாவதைத் தவிர்த்தல்

கெட்டுப்போகும் பொருளுக்குக் கொடுத்த விலை முழுவதும் நட்டம். 40 ரூபாய்க்கு வாங்கிய ஒரு கிலோ காயில் கால் கிலோ அழுகினால், மீதிக் காயின் உண்மை விலை கிலோ 53 ரூபாய்க்கு மேல். கீரையையும் தக்காளியையும் வாரத்தின் முதல் நாள்களிலும், பூசணி, சேனை, உருளை, கருணை ஆகியவற்றைப் பிற்பகுதியிலும் சமைப்பது ஒரு எளிய ஒழுங்கு. மிஞ்சிய சோற்றைப் பழைய சோறாக்குவதும், விலை இறங்கிய காலத்தில் சுண்டை, மணத்தக்காளி, கொத்தவரை, மாங்காய் ஆகியவற்றை வற்றலாக்குவதும் இதே நோக்கத்தில் பிறந்த வழக்கங்கள்.

## திட்டமிடலின் வரம்புகள்

வீண்செலவு உள்ள வீட்டில் திட்டமிடல் பெரிய மாற்றம் தரும். தேவையானதை மட்டுமே வாங்கும் வீட்டில் அது சிறிய மாற்றமே தரும். அரசு ஊழியர்களுக்கு விலைக் குறியீட்டை ஒட்டி அகவிலைப்படி உயர்கிறது. தினக்கூலியாளர், வீட்டு வேலை செய்வோர், சிறு வணிகர் ஆகியோரில் பெரும்பாலோருக்கு அப்படித் தானாக உயரும் வருமானம் இல்லை. அவர்களுக்குச் சிக்கன ஆலோசனையைவிடக் கூலி உயர்வும், தடையின்றிக் கிடைக்கும் பொதுவிநியோகமுமே பெரிய துணை.

மளிகைக்காகக் கந்துவட்டிக்கோ கைப்பேசிச் செயலியிலோ கடன் வாங்கும் நிலை இரண்டு மாதம் தொடர்ந்தால், அது உணவுத் திட்டத்தால் மட்டும் தீரும் சிக்கல் அல்ல. அப்போது வருமானம், வாடகை, பழைய கடன் ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பார்த்து, சுயஉதவிக் குழு அல்லது கூட்டுறவுச் சங்கம் வழியாகக் குறைந்த வட்டிக் கடனுக்கு மாறுவது போன்ற வழிகளை நாட வேண்டும்.

செலவைக் குறைத்தே ஆக வேண்டிய மாதத்தில் கைக்கொள்ளத்தக்க வரிசை இது: முதலில் வீணாவது, அடுத்து நொறுக்குத்தீனியும் வெளி உணவும், அதன்பின் எண்ணெயும் சர்க்கரையும், பின்னர் விலை கூடிய வகையிலிருந்து மலிவான வகைக்கு மாறுவது. பருப்பு, முட்டை, பால், காய்கறி ஆகியவற்றின் அளவு கடைசி வரை குறையாமல் இருக்க வேண்டும்.